பிள்ளைகளைக் காப்பதும் அமைதியைக் காப்பதும்: அறநிறுவனங்கள் என்னதான் செய்கின்றன?

முதல் மாதச் சம்பளச் சீட்டு கைக்கு வந்ததும் உங்கள் கண் எங்கே போகும்? எவ்வளவு பிடித்தார்கள், மிச்சம் எவ்வளவு என்றுதானே பார்ப்பீர்கள்?

மத்திய சேம நிதிக்குப் பிடித்த தொகைக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன வரி இருக்கும்: சிண்டா. சம்பளத்தைப் பொறுத்து மாதம் 1 வெள்ளியிலிருந்து 30 வெள்ளி வரை. "இது எதுக்கு?" என்று ஒருமுறையாவது கேட்டிருப்பீர்கள். சிங்கப்பூரில் வேலை செய்யும் இந்தியர் பலர், தங்களுக்கே தெரியாமல் மாதந்தோறும் ஓர் அறநிறுவனத்துக்கு நன்கொடை கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பிள்ளைகளின் பாதுகாப்பு என்றால் காவல்துறை, நீதிமன்றம், அமைச்சு ஆகியவைதான் பலருக்கு நினைவுக்கு வரும். அமைதி என்றால் நாடுகள் போடும் ஒப்பந்தம் நினைவுக்கு வரும். இந்த இரண்டிலும் அறநிறுவனங்களுக்கு என்ன வேலை? தெரிந்துகொள்வோம்.

சுருக்கமாக

- ஆபத்தில் இருக்கும் பிள்ளையை வீட்டிலிருந்து அழைத்துச் செல்லும் அதிகாரம் அரசாங்கத்துக்கு மட்டுமே உண்டு. அந்த ஆபத்து அரசாங்கத்தின் காதுக்கு எட்டுவதற்கு முன்பே அறநிறுவன ஊழியர், ஆசிரியர், அண்டைவீட்டார் ஆகியோரில் ஒருவர் கண்ணில் பட்டிருக்கும்.
- வீட்டுக்குள் வன்முறையைக் குறைக்கும் வேலையும், இனங்களுக்கிடையே நம்பிக்கையை வளர்க்கும் வேலையும் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை.
- அமைப்புகள் எத்தனை இருந்தாலும், யாராவது ஒருவர் வாய் திறந்து சொன்னால்தான் வேலை தொடங்கும். அந்த ஒருவர் நீங்களாகவும் இருக்கலாம்.

எங்கிருந்து தொடங்கியது?

தேக்காவில் சிராங்கூன் சாலையிலிருந்து பிரிந்து செல்லும் நாரிஸ் சாலையில் பலமுறை நடந்திருப்பீர்கள். சிங்கப்பூரில் 1928-இல் பணியைத் தொடங்கிய இராமகிருஷ்ண மிஷனின் பழைய கட்டடம் அங்கேதான் இருக்கிறது. ஜப்பானியர் ஆண்ட காலத்தில் பெற்றோரை இழந்து நின்ற பிள்ளைகளை மிஷன் அரவணைத்தது. போருக்குப் பிறகு அதன் சிறுவர் இல்லம் பார்ட்லி சாலையில் நிலைத்தது.

போர் முடிந்தபோது ஊரெங்கும் பசி. அரசாங்கம் 1946-இல் சமூகநலத் துறையை அமைத்தது. அடுத்த ஆண்டே, ஊட்டச்சத்து இல்லாமல் வாடிய பிள்ளைகளுக்கு இலவசச் சாப்பாடு போடும் நிலையங்கள் திறக்கப்பட்டன. அங்கே சமைத்துப் பரிமாறி, பிள்ளைகளைக் கவனித்துக்கொண்டவர்களில் தொண்டூழியப் பெண்கள் பலர்.

1952-இல் சிங்கப்பூர்ச் சிறுவர் சங்கம் உருவானது. ஊட்டச்சத்துக் குறைவால் மெலிந்த பிள்ளைகள் உடல் தேறும்வரை தங்குவதற்குச் சாங்கியில் ஓர் இல்லம் நடத்தியது அதன் ஆரம்ப வேலைகளில் ஒன்று. பசி குறைந்த பிறகு பிள்ளைகளின் பிரச்சினைகள் மாறின. சங்கத்தின் வேலையும் மாறியது. 1984-இல் அது 'டிங்கிள் ஃபிரெண்ட்' என்ற தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகள் தாங்களே கூப்பிட்டு மனம்விட்டுப் பேசலாம். இப்போது இணையவழி உரையாடலும் உண்டு.

சிண்டா பிறந்தது 1991-இல். இந்திய மாணவர்களின் கல்வி நிலையை மேம்படுத்துவதே அதன் முதல் நோக்கம். சிராங்கூன் சாலையை ஒட்டிய பீட்டி சாலையில் இருந்து செயல்படும் சிண்டா, துணைப்பாட வகுப்புகளோடு சிரமத்தில் இருக்கும் குடும்பங்களுக்கும் கைகொடுக்கிறது. பிள்ளை பாடத்தில் பின்தங்கினால் காரணம் பாடப்புத்தகத்தில்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. சில நேரம் அது வீட்டில் இருக்கும்.

ஒரு சிறுமி, ஒரு வழக்கு, 18 உயிர்கள்

ஒரு பிள்ளையின் பாதுகாப்புக்கும் ஒரு நாட்டின் அமைதிக்கும் என்ன சம்பந்தம்? சிங்கப்பூர் இதை 1950-இல் மிகக் கொடுமையான முறையில் கற்றுக்கொண்டது.

மரியா ஹெர்டோக் 1937-இல் ஜாவாவில் ஒரு டச்சுக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். போர்க்காலத்தில் சே அமினா என்ற முஸ்லிம் பெண்ணின் பராமரிப்புக்கு வந்தார். நட்ரா என்ற பெயரில் முஸ்லிமாக வளர்ந்தார். போர் முடிந்ததும் பெற்ற பெற்றோர் மகளைக் கேட்டனர். வளர்த்த தாய் விடவில்லை. வழக்கு சிங்கப்பூர் நீதிமன்றத்துக்கு வந்தது.

1950 டிசம்பர் 2-ஆம் தேதி, பெற்றோரிடமே பிள்ளையை ஒப்படைக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. மேல்முறையீடு முடியும்வரை 13 வயதுச் சிறுமி ஒரு கிறிஸ்துவ மடத்தில் தங்கவைக்கப்பட்டார். அங்கே எடுத்த அவருடைய படங்கள் நாளிதழ்களில் வெளியாயின. மக்களின் கொதிப்பு அதிகமானது. டிசம்பர் 11-ஆம் தேதி மேல்முறையீடு தள்ளுபடி ஆனதும் கலவரம் வெடித்தது. 18 பேர் மாண்டனர். 173 பேர் காயமடைந்தனர்.

பெற்றவர் பக்கமா, வளர்த்தவர் பக்கமா என்று இன்றும் வாதாடலாம். ஆனால் அன்று அந்தச் சிறுமியை ஒரு பிள்ளையாகப் பார்த்தவர்கள் குறைவு. இரண்டு சமூகங்களின் கௌரவம் அவர் தலையில் ஏற்றி வைக்கப்பட்டது.

இன்றைய நிலை வேறு. சிறார், இளையர் சட்டத்தின்கீழ் நடக்கும் வழக்குகளில் சம்பந்தப்பட்ட பிள்ளையின் அடையாளத்தைக் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது. "பெயர் வெளியிட முடியாது" என்று செய்திகளில் படிக்கிறீர்களே, அதற்குக் காரணம் இதுதான். அந்தக் கடமை செய்தி நிறுவனங்களோடு முடிந்துவிடவில்லை. அடிபடும் ஒரு பிள்ளையின் காணொளி வாட்ஸ்அப்பில் வந்தால், கோபத்தில் பத்துப் பேருக்கு அனுப்பிவிடத் தோன்றும். அனுப்பாதீர்கள். அதிகாரிகளிடம் மட்டும் கொடுங்கள்.

இன்று ஒரு பிள்ளை ஆபத்தில் இருந்தால் என்ன நடக்கும்?

சட்டம் முதலில். சிறார், இளையர் சட்டத்தின் பாதுகாப்பு முன்பு 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும் இருந்தது. 2019-இல் நிறைவேறிய திருத்தம் அதை 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் விரிவாக்கியது. அடி உதை மட்டும் துன்புறுத்தல் ஆகாது. பாலியல் கொடுமை, மனத்தை நொறுக்கும் நடத்தை, சாப்பாடும் மருத்துவமும் கவனிப்பும் இல்லாமல் பிள்ளையைப் புறக்கணிப்பது எல்லாம் அதில் அடங்கும்.

வேலை எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது?

- முதலில் கவனிப்பவர்கள்: ஆசிரியர், பாலர்பள்ளி ஊழியர், மருத்துவர், உறவினர், அண்டைவீட்டார், குடும்பச் சேவை நிலைய ஊழியர். வட்டாரங்களில் உள்ள குடும்பச் சேவை நிலையங்களை நடத்துவோர் பெரும்பாலும் அறநிறுவனங்கள்தான்.
- ஆபத்து கடுமையாக இருந்தால்: சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சின் சிறார் பாதுகாப்புச் சேவை நேரடியாக விசாரிக்கும். தேவைப்பட்டால் பிள்ளையை வேறு பாதுகாப்பான இடத்துக்கு மாற்றும். நீண்டகால முடிவுகளுக்கு இளையர் நீதிமன்றத்தை நாடும்.
- ஆபத்து அந்த அளவுக்குப் போகவில்லை என்றால்: குடும்பத்தோடு உட்கார்ந்து வேலை செய்யும் பொறுப்பைப் பாதுகாப்புச் சிறப்பு நிலையங்கள் ஏற்கும். இவற்றை நடத்துவதும் அறநிறுவனங்கள். மாண்ட்ஃபோர்ட் கேர் நடத்தும் 'பிக் லவ்' 2013-இல் முதலாவதாகத் திறக்கப்பட்டது.
- வீட்டில் இருக்க முடியாத பிள்ளைகள்: முடிந்தால் தாத்தா பாட்டி, சித்தி, மாமா போன்ற உறவினரிடம். இல்லையென்றால் வளர்ப்புப் பெற்றோரிடம். அதுவும் அமையாவிட்டால் சிறுவர் இல்லத்தில்.

வளர்ப்புப் பெற்றோர் திட்டம் 1956 முதல் இருக்கிறது. இதைத் தத்தெடுப்பு என்று குழப்பிக்கொள்ள வேண்டாம். பிள்ளை தன் சொந்த வீட்டுக்குத் திரும்பும் நாள்வரை ஒரு குடும்பம் தன் வீட்டில் இடம் கொடுக்கிறது, அவ்வளவுதான். அந்தக் குடும்பங்களுக்குத் துணையாக இருந்து வழிகாட்டும் அமைப்புகளில் பாய்ஸ் டவுன், எப்வொர்த், எம்சிஒய்சி, பிபிஐஎஸ் ஆகியவை உண்டு. ஒன்றிரண்டு கிறிஸ்துவப் பின்னணியில் தொடங்கியவை. பிபிஐஎஸ் முஸ்லிம் பெண்கள் அமைப்பு. நோக்கம் ஒன்றுதான்.

அரசாங்கமே எல்லாவற்றையும் செய்தால் என்ன? ஒரு தாயின் இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். அமைச்சிலிருந்து அதிகாரி வந்து கதவைத் தட்டினால், "பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிடுவாங்களோ" என்ற பயம்தான் முதலில் வரும். உணவுப் பையோடு மூன்று வருடமாக வந்து போகிற தொண்டூழியரிடம் அதே தாய் உண்மையைச் சொல்லக்கூடும். அதிகாரம் இல்லாததே சில நேரம் அறநிறுவனத்தின் பலம்.

அமைதி முதலில் வீட்டுக்குள்

சண்டை நின்றுவிட்டால் மட்டும் அமைதி வந்துவிடாது, வன்முறையைப் பிறப்பிக்கும் நிலைமைகளும் மாற வேண்டும் என்று நார்வே அறிஞர் ஜொஹான் கல்துங் 1969-இல் எழுதினார். நாடுகளுக்குச் சொன்ன கருத்து, நான்கறை வீட்டுக்கும் பொருந்தும்.

குடும்ப வன்முறைக்கென்றே சிங்கப்பூரில் தொடங்கிய முதல் சிறப்பு நிலையம் 'பேவ்'. 1999-இல் அங் மோ கியோ வட்டாரத்தில் அதைத் தொடங்கி வழிநடத்தியவர் டாக்டர் சுதா நாயர். வன்முறைக்கு மாற்றுவழிகளை வளர்ப்பது என்பதுதான் அந்தப் பெயரின் பொருள்.

அடிபட்டவருக்கு ஆறுதல் சொல்வதோடு 'பேவ்' நிற்பதில்லை. தனிநபர் பாதுகாப்பு உத்தரவுக்கு விண்ணப்பிக்க உதவுகிறது. அடித்தவரோடும் வேலை செய்கிறது, ஏனென்றால் நீதிமன்றம் கட்டாய ஆலோசனைக்கு உத்தரவிட்டால், அவர் வந்து உட்கார வேண்டிய இடமும் இத்தகைய நிலையம்தான். "அடிச்சவனுக்கு எதுக்கு ஆலோசனை?" என்று கேட்கத் தோன்றும். அவர் மாறாவிட்டால் அடுத்த அடி அதே வீட்டில் விழும், இல்லையென்றால் அடுத்த வீட்டில். அதைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு, கோபம் வந்தால் கை ஓங்குவதுதான் வழி என்று பதிந்துவிடும்.

"கண்டிச்சு வளர்த்தாத்தான் பிள்ளை உருப்படும்" என்ற பேச்சு நம் வீடுகளிலும் உண்டு. பிரம்பும் பெல்ட்டும் பல தமிழ்க் குடும்பங்களில் பழைய நகைச்சுவைக் கதைகளாகவே சொல்லப்படுகின்றன. கண்டிப்பு வேறு, காயம் வேறு. உடம்பில் தடம், நடையில் வலி, வீட்டுக்குப் போக நடுக்கம் என்றால், அதைக் கண்டிப்பு என்ற சொல்லால் மூட முடியாது.

வீட்டுக்கு வெளியே?

1964 ஜூலை 21-ஆம் தேதி தொடங்கிய இனக்கலவரத்தில் 23 பேர் மாண்டனர். பள்ளிகளில் நாம் ஆண்டுதோறும் இன நல்லிணக்க நாளை அதே தேதியில் அனுசரிப்பது அதை மறக்காமல் இருக்கத்தான். நடுவில் இருக்கும் 364 நாள்களில் என்ன நடக்கிறது?

- சமயங்களுக்கிடையிலான அமைப்பு 1949-இலேயே தொடங்கப்பட்டது. இன்று 10 சமயங்களின் பிரதிநிதிகள் அதில் இருக்கிறார்கள்.
- சிண்டா, மெண்டாக்கி, சீன மேம்பாட்டு உதவி மன்றம், யுரேசியர் சங்கம் ஆகிய நான்கும் சேர்ந்து 'பிக் ஹார்ட்' மாணவர் பராமரிப்பு நிலையங்களை நடத்துகின்றன. பெற்றோர் வேலை முடிந்து வரும்வரை பிள்ளைகள் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டு, வீட்டுப்பாடம் செய்து, விளையாடுகிறார்கள். இன நல்லிணக்கம் என்று யாரும் அவர்களுக்குப் பாடம் எடுப்பதில்லை. பக்கத்தில் இருப்பவரோடு பென்சிலுக்குச் சண்டை போட்டு, பிறகு ராசியாகிறார்கள்.
- 'ரோசஸ் ஆஃப் பீஸ்' 2012-இல் மாணவர் முயற்சியாகத் தொடங்கியது. அதைத் தொடங்கிய முகமது இர்ஷாத் அப்போது சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழக மாணவர். பல சமயங்களின் அமைதி வாசகங்களை ரோஜாப்பூக்களோடு தெருவில் போவோருக்குக் கொடுத்தார்கள். பின்னர் அவர் நியமன நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆனார்.

ரோஜாப்பூ கொடுத்தால் கலவரம் நிற்குமா? நிற்காது. ஒரு நெருக்கடி வரும் நாளில், தொலைபேசியை எடுத்து மற்ற சமூகத்தில் யாரைக் கூப்பிடுவது என்று தெரிந்தவர்கள் இருக்க வேண்டும். அந்தப் பழக்கம் அமைதியான நாள்களில்தான் உண்டாகும்.

போர் நடக்கும் இடத்தில் என்ன செய்ய முடியும்?

சிங்கப்பூரில் நீதிமன்றம் இருக்கிறது, அமைச்சு இருக்கிறது. அவையெல்லாம் குலைந்துபோன இடத்தில்? நமக்கு மொழியால் நெருங்கிய ஓர் உதாரணம் இலங்கையின் மட்டக்களப்பில் உண்டு.

1996-இல், போர் நடந்துகொண்டிருந்தபோதே, அங்கே வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா திறக்கப்பட்டது. இயேசு சபைப் பாதிரியார் பால் சற்குணநாயகமும் கனடா நாட்டுக் கலைஞர் பால் ஹோகனும் அதன் தொடக்கத்தில் முக்கியமானவர்கள். கொலையையும் இடப்பெயர்வையும் கண்ட தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அங்கே ஒன்றாக வந்தார்கள். ஓவியம், களிமண், கதை, நாடகம், செடிகொடி, விலங்குகள். இரண்டு சமூகங்களும் ஒன்றையொன்று பார்த்துப் பயந்த காலம் அது. அந்தப் பிள்ளைகளிடம் "சமாதானமாக இருங்கள்" என்று உபதேசம் செய்வதற்குப் பதிலாக, சேர்ந்து விளையாட ஓர் இடம் கொடுத்தார்கள்.

இந்த எண்ணத்துக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. முதல் உலகப் போருக்குப் பிறகு, தோற்ற நாடுகளான ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் பிள்ளைகள் பட்டினி கிடந்தனர். வென்ற பிரிட்டனில் எக்லன்டைன் ஜெப் என்ற பெண் அந்தப் பிள்ளைகளின் படங்களோடு துண்டறிக்கை விநியோகித்தார். அவரைக் கைதுசெய்து 5 பவுண்ட் அபராதம் விதித்தார்கள். அவர் விடவில்லை. 1919-இல் சகோதரியோடு சேர்ந்து 'சேவ் தி சில்ட்ரன்' அமைப்பைத் தொடங்கினார். எதிரி நாட்டுப் பிள்ளை என்று ஒரு வகை கிடையாது என்பதே அவருடைய நிலைப்பாடு. அவர் எழுதிய சிறார் உரிமைப் பிரகடனம் 1924-இல் ஜெனீவாவில் ஏற்கப்பட்டது. அந்த வழியில் வந்ததே 1989-ஆம் ஆண்டின் ஐநா சிறார் உரிமை உடன்பாடு. சிங்கப்பூர் அதில் 1995-இல் சேர்ந்தது.

எல்லாம் இருந்தும் ஏன் தவறுகிறது?

2020 பிப்ரவரியில் சிங்கப்பூரில் 4 வயதுச் சிறுமி ஒருவர் வீட்டில் நடந்த கொடுமையால் உயிரிழந்தார். அதற்கு முந்தைய ஆண்டே அவர் உடம்பில் இருந்த காயங்களைப் பாலர்பள்ளியில் கவனித்திருந்தார்கள். 2025-இல் குற்றவாளிகளுக்குத் தண்டனை கிடைத்தது. அதே ஆண்டு, என்ன தவறியது என்று ஆராய்ந்த குழு, ஒன்றுக்கு மேற்பட்ட அமைப்புகளில் குறைகள் இருந்ததைச் சுட்டிக்காட்டியது.

அந்தப் பிள்ளையை யாருமே பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது என்பதுதான் இதில் வலிக்கும் விஷயம். பார்த்தது ஒருவர், கேட்டது ஒருவர், முடிவெடுக்க வேண்டியது இன்னொருவர். இடையில் தகவல் நழுவினால் பிள்ளை கைநழுவிப் போகிறது. அறநிறுவனங்களுக்கும் இது பாடம்: பரிவு மட்டும் போதாது. எழுதி வைக்க வேண்டும். உடனே தெரிவிக்க வேண்டும். பதில் வராவிட்டால் மறுபடியும் கேட்க வேண்டும்.

சரி, நான் என்ன செய்யலாம்?

*ஒரு பிள்ளையைப் பற்றிக் கவலை வந்தால்*

- உயிருக்கு ஆபத்து என்றால் 999. பேச முடியாத நிலையில் 70999 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி.
- சந்தேகம் இருந்தால் வன்முறை, பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான தேசிய உதவி எண் 1800-777-0000. 24 மணி நேரமும் இயங்கும். ஆதாரம் திரட்டும் வேலை உங்களுடையது இல்லை. பார்த்ததையும் கேட்டதையும் சொன்னால் போதும்.
- தம்பி தங்கை வயதுப் பிள்ளைகளுக்கு 'டிங்கிள் ஃபிரெண்ட்' எண்ணைச் சொல்லிக்கொடுங்கள்: 1800-2744-788.
- பிள்ளையே உங்களிடம் சொன்னால், குறுக்கே பேசாமல் கேளுங்கள். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள். "நீ சொன்னது நல்லது, உதவக்கூடியவர்களிடம் நான் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள்.

*பணம் கொடுக்க நினைத்தால்*

- அந்த அமைப்பு பதிவுபெற்றதா என்று அறநிறுவன இணையவாசலில் பாருங்கள். 2005-இல் தேசியச் சிறுநீரக அறநிறுவனத்தில் வெளிவந்த முறைகேடுகளுக்குப் பிறகு விதிகள் இறுக்கப்பட்டன. கணக்கைக் கேட்பது அவமதிப்பு ஆகாது.
- பொது நல அமைப்பு என்ற தகுதி உள்ள அறநிறுவனத்துக்குக் கொடுத்தால், தகுதிபெறும் நன்கொடைக்கு 2026 இறுதிவரை 250 விழுக்காடு வரிக்கழிவு உண்டு.

*நேரம் கொடுக்க நினைத்தால்*

- சிண்டாவும் குடும்பச் சேவை நிலையங்களும் தொண்டூழியர்களை வரவேற்கின்றன. ஒருநாள் வந்து படம் எடுத்துவிட்டுப் போவதைவிட, மாதம் இரண்டு சனிக்கிழமை தவறாமல் வருவது பிள்ளைக்கு உதவும். ஏற்கெனவே பலர் பாதியில் விட்டுப் போனதைப் பார்த்த பிள்ளை அது.
- வளர்ப்புப் பெற்றோராக விண்ணப்பிக்கக் குறைந்தது 25 வயது ஆக வேண்டும். உங்களுக்கு இப்போது முடியாவிட்டாலும், வீட்டில் அம்மா அப்பாவிடம், அத்தை மாமாவிடம் பேசிப் பார்க்கலாம்.

"அது அவங்க குடும்ப விஷயம், நமக்கு எதுக்கு வம்பு?" என்று வீட்டில் யாராவது சொன்னால், ஒன்றைச் சொல்லுங்கள்: நீங்கள் கூப்பிடுவது குற்றம் சாட்டுவதற்காக என்று நினைக்க வேண்டாம். அந்தக் குடும்பத்துக்கே உதவி தேவைப்படலாம். விசாரித்து முடிவெடுக்கப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வருவதற்கு உங்கள் ஒரு அழைப்பு போதும்.

1800-777-0000. இப்போதே கைத்தொலைபேசியில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.